அந்தோணியின் சாக்கு

ரயிலில் ஏற வந்தவர்கள் கொஞ்சம். அழ வந்தவர்கள் அதிகம்.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பப் பேர் பதிந்தவர்கள் புறப்படும் நாள். கப்பல் ஓடிய கடைசிக் காலம் அது. காலை நேரம். பனிமூட்டம் பிளாட்பாரத்தில் பாதியை மூடியிருந்தது. தகரப் பெட்டி, பாய்ச் சுருட்டு, சாமி படம். ஒரு கிழவர் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தோட்டத்து நாய்கள்கூட வந்திருந்தன.

கூட்டத்தில் ஆரோக்கியம் நின்றாள். அந்தோணியின் பெண்சாதி. அந்தோணி என்னோடு ஸ்டேஷனில் ஷண்டிங் வேலை, அதாவது வேகன் கோக்கிற வேலை பார்த்தவன். அப்போது அவன் செத்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

என் கக்கத்தில் ஒரு பழைய சாக்கு இருந்தது. அவனுடைய சாக்கு. அதை அவளிடம் கொடுத்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஐந்தாறு வருடம் போய்விட்டது. இன்று விட்டால் இனி இல்லை.

ரயில் வர அரை மணி நேரம் இருந்தது. வந்ததும் அதன் வாலில் ஒரு பெட்டி கூடுதலாகக் கோக்க வேண்டும். அது என் வேலை.

அவளிடம் போனேன்.

"என்னாண்ணே, நீங்களும் அழ வந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்ல தங்கச்சி. டியூட்டி" என்றேன்.

சாக்கைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டேன். அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஒரு கடிதம்

நான் அதிகம் படித்தவன் இல்லை. தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு. வாரா வாரம் நான் பத்திரிகைக்கு எழுதுவதில் எழுத்துப் பிழையைத் திருத்துவது அங்கே இருக்கும் தம்பி. விஷயத்தை அவர் தொடுவதில்லை.

சில வாரங்களுக்கு முன் கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாலம், சுரங்கம், தேயிலை வேகன் எல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் ஸ்டேஷனில் ஆள் செத்த கதையை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு அந்தோணியைத் தெரியுமாம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதனால் இந்த வாரம் இது.

ஸ்டேஷன் பெயரை இங்கேயும் எழுதவில்லை. அங்கே இப்போதும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

கோக்கிற வேலை

வெளியாட்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

வேகனின் முனையில் இரண்டு பக்கமும் தட்டு மாதிரி இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பஃபர் என்போம். இரண்டு வேகன் சேரும்போது அந்தத் தட்டுகள்தான் முட்டும். நடுவில் கொக்கியும் சங்கிலியும். சங்கிலியைத் தூக்கி அடுத்த வேகனின் கொக்கியில் மாட்ட வேண்டும். அதற்கு ஆள் உள்ளே போக வேண்டும். குனிந்து போய், நிமிர்ந்து மாட்டி, குனிந்து வர வேண்டும். சங்கிலி கனம். மழையில் வழுக்கும். கிரீஸ் வேறு.

நிமிர்ந்து நிற்கும்போது வேகன் நகர்ந்தால் முடிந்தது.

எங்கள் ஸ்டேஷன் சரிவில் இருந்தது. மலையில் சமமான இடம் எங்கே? பிரேக் பிடித்த வேகனும் ஒரு முழம், இரண்டு முழம் இறங்கும். சக்கரத்துக்குக் கட்டை வைப்போம். கட்டை ஊறினால் அதுவும் வழுக்கும். சத்தம் போட்டு வரும் வேகனைப் பார்த்து ஆள் ஒதுங்கிவிடலாம். சத்தமில்லாமல் ஊர்கிற வேகன்தான் ஆளைப் பிடிக்கும்.

என் இடது கையில் ஒன்றரை விரல் இல்லை. முதல் வருடமே போனது. எனக்கு முன்பு இருந்த ராமசாமிக்குப் பாதம் போனது. லைன் பிரிகிற பாயிண்ட் மாறும்போது இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. அவர் பிறகு ரயில் கேட்டில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களிடம் காலைக் காட்டுவார். யாரும் கேட்காமலே காட்டுவார்.

ஆள் உள்ளே இருந்தால் வெளியே சிவப்புக் கொடி நிற்க வேண்டும். அது சட்டம். புத்தகத்தில் இருக்கிறது.

எங்களிடம் சிவப்புக் கொடி இரண்டு. ஆள் ஆறு. ஒன்று ரயில் கேட்டுக்குப் போய்விடும். இன்னொன்று ஸ்டேஷன் மாஸ்டர் மேசைக்குப் பக்கத்தில் சுவரில் நிற்கும். கேட்டால் தருவார். கேட்கப் போய்வர கால் மணி நேரம். தேயிலை வேகன் சாயங்காலக் கூட்ஸ் ரயிலில் போயே ஆக வேண்டும்.

அதனால் சாக்கு.

சாக்குச் சட்டம்

தோட்டத்தில் மழைக்கு ஆட்கள் தலையில் போடுவது போலத்தான். உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளினால் தொப்பி மாதிரி ஆகும். தலையிலிருந்து முதுகு வரை நனையாது. நாங்கள் ஆறு பேரும் அதைத்தான் போட்டோம்.

உள்ளே போகும் ஆள் தன் சாக்கைக் கழற்றி வேகனின் கைப்பிடியில் தொங்கவிட வேண்டும். சாக்கு தொங்கினால் ஆள் உள்ளே. வெளியே வந்ததும் அவனே எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வான். சாக்கு இல்லையென்றால் ஆள் இல்லை. தொங்கவிட்டவனைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் போனபோதே இருந்தது.

எஞ்சின் டிரைவருக்கும் தெரியும். பண்டா டிரைவர் என்று ஒருவர். சிங்கள ஆள். நல்ல மனிதர். தமிழ் நாலு வார்த்தை. எஞ்சினிலிருந்து தலையை நீட்டி ஒரு வார்த்தைதான் கேட்பார்.

"சாக்கு?"

"இல்லை" என்றால் நகர்த்துவார். பதில் வராவிட்டால் நகர்த்த மாட்டார். பனிமூட்டத்தில் அவருக்கு எங்களைத் தெரியாது. குரல்தான்.

நல்ல சட்டம் அது. அதை நம்பி எத்தனையோ பேர் வீடு போய்ச் சேர்ந்தோம்.

அந்தோணி

பூண்டுலோயா பக்கத்து ஆள். என்னைவிட மூன்று வயது இளையவன். குட்டை. சங்கிலியைத் தூக்கும்போது மாதாவைக் கூப்பிடுவான். நான் முருகனைக் கூப்பிடுவேன்.

"மச்சான், ஒங்க சாமி மலமேலயே ஒக்காந்திருக்காரு, எறங்கி வர நேரமாகும். எங்கம்மா கூப்பிட்ட ஒடன வந்துரும்" என்பான்.

ஸ்டேஷனுக்கு மேலே இருந்த தோட்டத்து லயத்தில் குடியிருந்தான். ஆரோக்கியம் அங்கே கொழுந்து எடுத்தாள். பிள்ளை இல்லை.

எல்லாச் சாக்கும் ஒரே மாதிரி இருக்கும். என்னுது உன்னுது என்று சண்டை வரும். ஆரோக்கியம் அவனுடைய சாக்கின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு சிலுவை தைத்துக் கொடுத்தாள். பெருவிரல் அளவு. அதற்குப் பிறகு அவன் சாக்கை யாரும் மாற்றி எடுக்கவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. மறதி. கோத்துவிட்டு வெளியே வருவான், சாக்கைத் தொங்கவிட்டபடியே எங்கள் கொட்டகைக்குப் பிளேண்டி, பால் போடாத தேத்தண்ணி, குடிக்கப் போய்விடுவான். நாங்கள் ஆள் உள்ளே இருக்கிறான் என்று காத்துக்கொண்டு நிற்போம். பண்டா டிரைவர் எஞ்சினிலிருந்து திட்டுவார். அவனோ கொட்டகைக்குள் ரொட்டி தின்றுகொண்டிருப்பான்.

"எங்கடா ஒன் சாக்கு?"

"அய்யய்யோ, அங்கயே நிக்கிறேனா நானு?"

எல்லோரும் சிரிப்போம். அப்படி மறந்த சாக்கை நான் எடுத்துக்கொண்டு போய் அவன் தலையில் வீசியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. பல தடவை.

யாரும் எடுக்கக் கூடாது என்ற சட்டம் அவன் விஷயத்தில் இப்படித்தான் தேய்ந்தது. சிரித்துச் சிரித்துத் தேய்ந்தது.

அன்று

தென்மேற்கு மழைக்காலம். பிற்பகல். மூன்று தேயிலை வேகன் பக்க லைனில் நின்றது. எஞ்சின் பின்னால் வந்து சேர்த்து எடுக்க வேண்டும். நான் பச்சைக் கொடி காட்டி எஞ்சினை வரச் சொல்லும் ஆள். அந்தோணி கோக்கும் ஆள்.

என் சாக்கு காலையிலேயே தொப்பலாக நனைந்துவிட்டது. கொட்டகையில் அடுப்புப் பக்கம் காயப் போட்டிருந்தேன். வெறும் தலையோடு நின்றேன். தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் ஓடியது.

முதல் இரண்டு வேகனையும் அந்தோணி கோத்தான். வெளியே வந்தான். சாக்கை எடுத்தான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே போனான். நான் எஞ்சின் பக்கம் நடந்தேன். திரும்பி வந்தபோது அவன் முடித்திருக்க வேண்டிய நேரம். சாக்கு இன்னும் தொங்கியது.

"அந்தோணி!" என்றேன்.

கூட்ஸ் ஷெட் தகரத்தில் மழை. பதில் கேட்கவில்லை.

கொட்டகையைப் பார்த்தேன். கேத்தலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்றான். குட்டையான ஆள். இவன் மறுபடியும் மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தேன்.

குனிந்து பார்த்திருக்கலாம். நாலு எட்டு நடந்து, குனிந்தால் போதும்.

சாக்கை எடுத்தேன். என் தலையில் போட்டுக்கொண்டேன். உள்ளே இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

பண்டா டிரைவர் பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்டார்.

"சாக்கு?"

"இல்லை! வாங்க!" என்றேன்.

எஞ்சின் முட்டியது. மூன்று வேகனும் ஒன்றன்பின் ஒன்றாக முட்டின. டக், டக். பெரிய சத்தம் இல்லை. அவன் மாதாவைக் கூப்பிட்டதாக எனக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டது மாதிரி இருந்த நாட்கள் உண்டு. அது வேறு.

கொட்டகையில் நின்ற ஆள் உர லாரியோடு வந்த சுமைகாரன். எனக்குத் தெரியாதவன்.

சொல்லப் போனது

ஆரோக்கியத்திடம் சொல்ல யாராவது போக வேண்டும். நான் போனேன்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துச் சத்தமாக எடை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேட்டில் ஏறிப் போய் நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடிபட்டுருச்சு தங்கச்சி" என்றேன்.

"எங்க?"

"வேகனுக்குள்ள."

கூடையை மெதுவாக இறக்கி வைத்தாள். கொழுந்து ஒரு இலை சிந்தவில்லை. பிறகுதான் கத்தினாள்.

விசாரணை

கீழே பெரிய ஆபீசிலிருந்து இரண்டு ரயில்வே அதிகாரிகள் வந்தார்கள். ஒரு கிளாக்கர் தமிழில் கேட்டார்.

"அந்தோணி சிவப்புக் கொடி வச்சிருந்தாரா?"

"இல்லைங்க."

"உள்ள போறேன்னு ஒங்ககிட்ட வாயால சொன்னாரா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க சட்டப்படிதான் கொடி காட்டியிருக்கீங்க?"

நான் பண்டா டிரைவரைப் பார்த்தேன். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கைப் பற்றி அவரிடமும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் சுவரில் நின்ற கொடியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் சாக்கு இல்லை. புத்தகத்தில் இல்லாததைக் கேட்க அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் எல்லோருக்கும் வேலை போகும். எனக்கு அதற்கு மேலும் ஆகும்.

"ஆமாங்க" என்றேன்.

கிளாக்கர் முடிவை வாசித்துக் காட்டினார். இறந்தவரின் கவனக்குறைவே காரணம். கீழே கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணாமல் நேராக விழுந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஞாபகம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஆரோக்கியம் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு கவனமில்லாம போனாருன்னு எழுதியிருக்காங்களாமே?"

"ஆமா தங்கச்சி."

"கொடி வைக்கலயாம்."

"வைக்கல."

"சாக்காவது தொங்கவுட்டிருப்பாருல்ல? நீங்க பாக்கலயா?"

"நான் கவனிக்கல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரிண்ணே" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல. அதற்குப் பிறகு ஒருபோதும்.

லயத்தில் அவளைப் பார்க்கிற இடத்தில் எல்லாம் பேசினார்கள். குடித்துவிட்டுப் போயிருப்பான் என்றார்கள். அந்தோணி குடிக்க மாட்டான். மறதிக்காரன் செத்தான் என்றார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா ஆட்களைத் திட்டும்போது, "அந்தோணி மாதிரி நிக்காதீங்க, கவனமா இருங்க" என்பாராம். அவளும் அந்த வரிசையில்தான் நிற்பாள்.

நான் அவன் சாக்கை வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். போடவும் இல்லை, எறியவும் இல்லை. ஒரு தடவை என் பெண்சாதி அதைத் தரை துடைக்க எடுத்தாள். பிடுங்கி வைத்தேன். ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

மறுபடியும் பிளாட்பாரம்

ரயில் வந்தது.

அழுகை கூடியது. ஜன்னல் வழியாகக் கைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஆரோக்கியம் ஏறி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின பெட்டி. அவளுக்கு அண்ணன் குடும்பம் துணை.

முதலில் வேலை, பிறகு அவளிடம் பேசலாம் என்று நினைத்தேன். பேசத் தைரியம் இல்லாதவனுக்கு வேலை நல்ல சாக்குப்போக்கு.

கூடுதல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் உள்ளே போக வேண்டும். என்னிடம் அன்று இருந்த சாக்கு அது ஒன்றுதான். கை தானாகச் செய்தது. அவனுடைய சாக்கைக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். உள்ளே போனேன்.

சங்கிலி இறுகியிருந்தது. முருகனைக் கூப்பிட்டேன். மாட்டினேன். பிரேக் பைப்பையும் சேர்த்தேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. உள்ளே நின்றபோது வெளியே இருந்த அழுகை தூரத்தில் கேட்பது மாதிரி இருந்தது. இங்கேதான் அவன் நின்றிருப்பான் என்று நினைத்தேன். நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்குமா என்றும் நினைத்தேன். பதில் சொல்லியிருப்பானா?

குனிந்து வெளியே வந்தேன்.

ஆரோக்கியம் நின்றாள். ஜன்னல் வழியாகச் சாக்கைப் பார்த்து, ரயிலை விட்டு இறங்கி வந்திருக்கிறாள். ஒரு கையால் சாக்கை அழுத்திப் பிடித்திருந்தாள். பெருவிரல் அந்தச் சிவப்புச் சிலுவை மேல் இருந்தது. நூல் வெளுத்திருந்தது.

"யாரும் எடுத்துறக் கூடாதுன்னு நின்னேண்ணே" என்றாள்.

கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"அன்னிக்குக் கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒங்க தலையில பாத்தேன். நான் தச்ச சாக்கு எனக்குத் தெரியாதா?"

"தங்கச்சி..."

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். கோயில் வாசல்ல கேட்டும் பாத்தேன். அப்பறம் கேக்கல."

"கொண்டாந்திருக்கேன். ஒனக்குத்தான்" என்றேன். அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அவள் சாக்கைக் கைப்பிடியிலிருந்து கழற்றினாள். மடித்தாள். துணி மடிப்பது போல ஓரம் பார்த்து மடித்தாள். என் கையில் வைத்தாள்.

"எனக்கெதுக்கு? நாங்க போற எடத்துல மழ கம்மியாம். நீங்க போட்டுக்கங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன்.

அவளுடைய அண்ணன் ஜன்னலிலிருந்து கத்தினார். "ஏய் ஆரோக்கியம், வண்டி போவப் போவுது, என்னாடி அங்க?" அவள் ஓடவில்லை. நடந்து போய் ஏறினாள்.

கோத்தாயிற்று என்று பச்சைக் கொடி காட்ட வேண்டியவன் நான். காட்டினேன். ரயில் நகர்ந்தது. என் பக்கத்து ஜன்னலில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்க்கவில்லை.

எழுதிக்கொள்ள வேண்டியது

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. திருச்சிப் பக்கம் என்றார்கள். பிறகு கொடைக்கானல் மலையில் ஏதோ கூலி வேலை என்றார்கள். இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றது திரும்பியும் வரவில்லை.

பண்டா டிரைவர் போய்விட்டார். ஸ்டேஷன் மாஸ்டரும் போய்விட்டார். அந்த ஆறு பேரில் நான் மட்டும் இருக்கிறேன். சாக்கு எலி கடித்துத் துண்டு துண்டாகிவிட்டது. சிலுவை இருந்த மூலையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

விசாரணைக் காகிதம் எங்கேயாவது ஒரு அலமாரியில் இருக்கும். அதில் இறந்தவரின் கவனக்குறைவு என்று இருக்கும். என் கையெழுத்தும் இருக்கும். அதை இனி யாரும் மாற்ற மாட்டார்கள். இதை எழுதுவதால் அது மாறும் என்று நான் நினைக்கவும் இல்லை.

கடிதம் போட்ட கொட்டகலை வாசகருக்குப் பதில் இது. உங்கள் அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தோணி அன்று மறக்கவில்லை. சாக்கைத் தொங்கவிட்டுத்தான் உள்ளே போனான்.

எடுத்தவன் நான்.